பொட்டு வைத்த புல்லர்

செப்டம்பர் 3, புதன்

இன்றும் அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். அம்மா லோடு ஆட்டோவைக் கிளப்பித் தெருவைத் தாண்டும்வரை இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும். கண்மாய்க் கரை ஏறி வேகம் எடுத்ததும் முன் சக்கரத்திலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும். ங்ங்ங் என்று, அடம்பிடிக்கிற பிள்ளை மூக்கால் அழுவது மாதிரி. கரை முடிந்து வண்டி திரும்புகிறவரை படுத்தபடியே கேட்கிறேன். சத்தம் நின்றது தூரத்தாலா, வண்டியே நின்றுவிட்டதாலா? அது தெரியாத அந்தக் கொஞ்ச நேரம்தான் மோசம். பிறகு தூக்கம் வருவதில்லை.

முன் சக்கரப் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று மெக்கானிக் காசிமாயன் அண்ணன் போன வாரமே சொல்லிவிட்டார். புதுப் பேரிங் வாங்கியாகிவிட்டது. டப்பா பிரிக்காமல் வண்டியிலேயே கிடக்கிறது. மாற்றத்தான் நேரம் இல்லை. விடிவதற்குள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூக்கூடைகளை ஏற்றி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். மல்லிகைக்கு விடுமுறை கிடையாது.

ஓடும்போது பேரிங் உடைந்தால் சக்கரம் என்ன ஆகும்? இதை அம்மாவிடம் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

அம்மாவோடு பட்டறைக்குப் போனேன்.

"திங்கக்கிழமை விட்டுட்டுப் போங்கக்கா, செவ்வாக்கிழமை எடுத்துக்கலாம்" என்றார் காசிமாயன் அண்ணன்.

"செவ்வாக்கிழமைப் பூவ நீ தலையில தூக்கிட்டு வாரியா?"

"அப்ப ஆயுத பூஜை முடியட்டும். கூட்டம் கொறஞ்சிரும். ஒங்க வீட்டுக்கே வந்து மாட்டிவிடுறேன்."

அந்தப் பேரிங் ஒரு பக்கம் அடைத்த குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதாம். பின்னாலிருந்து தட்டி வெளியே தள்ள வழியில்லை. முன்னாலிருந்துதான் இழுக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறார். புல்லர். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது: "அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் குடுங்களேன். நாங்களே கழட்டிப் பாக்குறோம்."

பட்டறையே சிரித்தது. "தொழில் சாமானும் பல்லு வெளக்குற பிரஷ்ஷும் ஒண்ணுத்தா. எரவல் கெடையாது" என்றார் அண்ணன்.

"நீ படிக்கிற சோலியப் பாரு" என்றாள் அம்மா, வழியெல்லாம்.

படிக்கிற வேலைதானே பார்த்தேன்? புல்லரின் நுனி, திருகு, குறுக்குக் கட்டை எல்லாவற்றையும் கண்ணாலேயே படித்துவிட்டு வந்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் பாதி கிடைக்கும் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருப்பூரிலிருந்து அப்பா பேசினார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாம் கேட்டது. அம்மா மாதிரியே பூ ஏற்றுகிற முகேஷ் மினி வேன் எடுத்திருக்கிறான், தார்ப்பாய் போட்டுப் பூவை வாடாமல் கொண்டுபோகிறான் என்ற செய்தி அங்குவரை போயிருக்கிறது.

"தீபாவளிக்கு வாரேன். அதுக்குள்ள ரவுண்டு ஒழுங்கா நிக்கலேன்னா வண்டியக் குடுத்திரு. எல்லாரும் இங்கிட்டு வந்துருங்க. பாப்பாவுக்கு இங்க பள்ளிக்கூடம் இல்லையா என்ன?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பதினொன்றாம் வகுப்பின் நடுவில் நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்பேன்? நூலகத்தில் பாதி படித்த புத்தகம் இருக்கிறது. தோழி ஜெனி இருக்கிறாள். அம்மா திருப்பூரில் என்ன செய்வாள்? பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டுவாளா? தோட்டத்து வரப்பில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற அம்மாவா?

ஒரு நாள் தப்பினாலும் தோட்டக்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள், ரவுண்டு போய்விடும். அந்த ஒரு நாளை அந்தச் சக்கரம் தனக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தேய்ந்த அரம் ஒன்றை எடைக்கு வாங்கி வந்தேன். இரும்பையே ராவுகிற இரும்பு, இதைவிடக் கெட்டியானது உண்டா என்று நினைத்து, அதில் ஒரு நெம்புகோல் செய்தேன். ஓர் உடைந்த மோட்டாரின் பேரிங் இடுக்கில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் கண்ணாடி மாதிரி சிதறிப்போனது. ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதால் அம்மா கண்ணே போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். "ஒங்கப்பன்ட்ட என்னத்தடி சொல்லுவேன்? பூ கொண்டுபோறேன்னு புள்ளயக் குருடாக்கிப்புட்டேன்னு சொல்லவா?"

இரண்டு தையல்.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மா பேசவில்லை. சக்கரம்தான் பேசியது.

செப்டம்பர் 20, சனி

காலாண்டுத் தேர்வுக்கு நடுவில் மரியராஜ் சாரிடம் கேட்டேவிட்டேன். அவர் எங்கள் இயற்பியல் ஆசிரியர், ஜெனியின் அப்பா. அரம் ஏன் உடைந்தது? என் புருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அரத்தின் எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து விறைப்பாக்கியிருப்பார்கள், அது வளையாது, அடி தாங்காது என்றார். சாதாரண போல்ட் வளையும், ஆனால் தாங்கும்.

"பரீட்சையில இது வராதும்மா" என்றார் கடைசியில்.

"வரவேணாம் சார்" என்றேன். சிரித்துவிட்டார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அப்படியென்றால் போல்ட்.

செப்டம்பர் 27, சனி

விடுமுறை. விரல்கள் கொப்பளித்திருக்கின்றன, எழுத்து கோணலாக வருகிறது. ஆனால் முடித்துவிட்டேன்!

நீளமான பழைய போல்ட் ஒன்று. அதன் தலையை இரண்டு பக்கமும் ராவித் தட்டையாக்கினேன். இப்போது அது பேரிங்கின் துளைக்குள் நுழையும். உள்ளே போனதும் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் சாவி மாதிரி பின்னால் மாட்டிக்கொள்ளும். வெளியே ஒரு குழாய்த் துண்டு, அதன் மேல் துளையிட்ட பட்டைத் தகடு, அதன் மேல் நட்டு. நட்டைத் திருகத் திருக போல்ட் பின்னால் வரும், பேரிங்கும் கூடவே வரும். உடைந்த மோட்டாரில் போட்டுப் பார்த்தேன். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு ஒரு முனகலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த முனகலை இன்னும் நாலு முறை கேட்கலாம் போலிருந்தது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நம்ம வண்டியில போடலாமாம்மா?"

"பூஜை முடியட்டும். காசி வந்து பாக்கட்டும்." அவள் கண் என் புருவத்தில்தான் இருந்தது.

நாளைக்கும் அதே சக்கரத்தில்தான் போவாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வீட்டில் இருக்கிற இரும்பெல்லாம் குளித்துவிட்டது. ஸ்பானர்கள், ஜாக்கி, சுத்தியல், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, எல்லாம் துடைத்து வரிசையாகச் சுவரோரம். அந்த வரிசையின் கடைசியில், சுத்தியலுக்குப் பக்கத்தில், என் புல்லர்! எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளாகவே என் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவாளோ என்று பயம்.

இந்த நோட்டும் பேனாவும் காலையில் பாடப் புத்தகங்களோடு சாமி முன்னால் போய்விடும்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று முழுவதும் எழுதக் கை அரித்தது. இப்போதுதான் நோட்டு கைக்கு வந்தது. வரிசையாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குழம்பிவிடுவேன்.

நேற்று அம்மா மார்க்கெட்டிலிருந்து சீக்கிரமே திரும்பினாள். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டோம். எல்லாச் சாமானுக்கும் சந்தனம், குங்குமம். என் புல்லரின் தட்டையான தலையில் அம்மா தன் விரலாலேயே பொட்டு வைத்தாள். சூடம் காட்டினோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அம்மா வண்டியை முன்னால் நகர்த்தினாள்.

நறுக்கென்று ஒரு சத்தம். பழம் நசுங்கியது என்று நினைத்தேன். பழம் அப்படியே இருந்தது. முன் சக்கரம் அதன் மேல் ஏறாமல் இறுகி நின்றுவிட்டது.

அம்மா இறங்கவே இல்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "சாமி முன்னாடியேவா" என்றாள், யாரிடமோ.

காசிமாயன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சாமானுக்கெல்லாம் பொட்டு வச்சுப் படைச்சாச்சுத்தா. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் தொடுவேன். பத்து மணிக்கு வாரேன்." பத்து மணிக்குப் பூ மலர்ந்து, வாடி, மாடு தின்றிருக்கும். வேறு பட்டறைகளும் அப்படித்தான். மதுரையே அன்றைக்கு ஸ்பானரைத் தொடாது.

நான் சாமி பக்கம் திரும்பினேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாத. படைச்சதத் தொடக் கூடாது."

"அது நான் செஞ்சதும்மா!"

"நேத்துவரைக்கும் நீ செஞ்சது. பொட்டு வச்சா அது ஆயுதம்."

அப்போது எனக்கு வந்த கோபம்! முந்தின நாள் அந்த வரிசையில் அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன். மரியாதை செய்ததாலேயே அதைத் தொட முடியாமல் போய்விட்டது. புத்தகத்தில் வருகிற மாதிரி ஏதாவது வாதம் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். சாமி கோபத்தில் இருக்கும்போது சாமி பொருளை எப்படி எடுப்பாள்?

போன் வந்தது. தோட்டக்காரர்கள்தான், ஒருவர் பின் ஒருவராக. வண்டி படுத்துவிட்டது என்று முகேஷ் அதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அம்மா ஒவ்வொருவரிடமும் ஒரே பதில்: "காலைல வாரேன். எப்பவும் போல வாரேன்." கண் முன்னால் சக்கரம் நகராமல் நிற்கிறது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் யோசித்து யோசித்து ஒன்று கேட்டேன். "கட்டிலுக்கடியில சாக்குல இரும்பு கெடக்கே, அது ஆயுதமா?"

அம்மா சாக்கைப் பார்த்தாள். "அதுக்குப் பொட்டு வைக்கலயே. அது பழைய இரும்பு."

"அத வச்சு அடிச்சா?"

அம்மா சாக்கை இழுத்து வெளியே போட்டாள். "அடிச்சாலும் பழைய இரும்புதான்" என்றாள்.

ஜெனி வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் காருக்கு ஜாக்கி, வீல் ஸ்பானர் உண்டு. "எங்க வீட்டு ஸ்பானருக்குப் பொட்டே கெடையாதுடி" என்று அவளே தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே மரியராஜ் சாரின் ஹெல்மெட்டும். என் புருவத்துக்காக. ஸ்பானர் எங்கள் நட்டுக்கு ஒரு சுற்று பெரியது. பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி உள்ளே செருகிப் பிடித்தோம். சக்கரம் வந்தது. அச்சை ஆட்டி ஆட்டி உருவினோம். உள்ளே அடைத்த குழியில் பேரிங். ஒரு குண்டு பிளந்து மற்றவற்றுக்கு நடுவில் சிக்கியிருந்தது.

இழுக்கப் புல்லர் இல்லை. இழுக்க முடியாவிட்டால்? உள்ளேயிருந்து தள்ள முடிந்தால்? புத்தகம் சாமி முன்னால் இருந்தாலும் பக்கம் ஞாபகம் இருந்தது: அடைத்த இடத்தில் இருக்கும் திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால் அது எல்லாப் பக்கமும் அழுத்தும். பேரிங்கின் துளை வழியாகக் குழி நிறைய கிரீஸ் அடைத்தேன். சாக்கிலிருந்து ஒரு பழைய ஷாக் அப்சார்பர் கம்பி. துளைக்குக் கொஞ்சம் சின்னது, அதனால் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றினேன். கம்பியைத் துளையில் நிறுத்தினேன்.

"நீ அடிக்க வேணாம்" என்று அம்மா என் கையிலிருந்து உடைந்த பம்புசெட் இரும்பைப் பிடுங்கிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் நான், கம்பியைப் பிடித்தபடி. அம்மா அடித்தாள். கிரீஸ் குண்டுகளின் இடுக்கு வழியாகப் பிதுங்கி ஹெல்மெட் கண்ணாடியில் தெறித்தது. பேரிங் அசையவில்லை. மறுபடியும் அதுவே.

ஜெனி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

அம்மா கிரீஸை விரலால் தொட்டுப் பார்த்தாள். "முறுக்கு மாவு தண்ணியா இருந்தா இப்பிடித்தான்டி ஒழுகும். கெட்டியாப் பெசையணும்." என்னத்தைப் போட்டு? சுற்றிலும் பார்த்தோம். ஆயுத பூஜை வீட்டில் என்ன இருக்கும்? பொரிதான்! நான் தட்டுக்குக் கை நீட்டினேன், அம்மா கையில் அடித்தாள். "படைச்ச பொரியயா கிரீஸுக்குள்ள போடுவ? பையில மிச்சம் இருக்கு, அத எடு."

பொரியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, களி மாதிரி ஆக்கி அடைத்தோம். அம்மா அடித்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் பொரி அடைத்தோம். அடித்தாள். கம்பி கைக்குள் அதிர்ந்தது. அடுத்த அடியில் அதே முனகல்! எனக்குத் தெரிந்த முனகல். பேரிங்குக்கும் குழிக்கும் நடுவில் நூல் அளவு பளபளப்பு தெரிந்தது. "அம்மா வருதும்மா, அடிம்மா, அடி!" வெயில் இறங்குகிற நேரத்தில் அது பொரிக்களி பூசிக்கொண்டு வெளியே வந்து மண்ணில் விழுந்தது.

புதுப் பேரிங்கை உள்ளே உட்கார வைக்கப் பழைய பேரிங்கையே மேலே வைத்துச் சீராகத் தட்டினோம். விளக்கு வைப்பதற்குள் சக்கரம் மாட்டியாகிவிட்டது. அம்மா அதை ஒரு விரலால் சுற்றிவிட்டாள். சுற்றிக்கொண்டே இருந்தது. எலுமிச்சம்பழத்தை மறுபடி வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கினாள்.

இன்று விடியும்முன் அம்மா கிளம்பியபோது நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்மாய்க் கரையில் ங்ங்ங் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. சரியாகத்தான் மாட்டினேனா? ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்? அம்மா திரும்பி வந்து காபி கேட்கிறவரை வாசலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

தோட்டக்காரர்கள் எல்லோரும் கூடையோடு காத்திருந்தார்களாம். சோலையம்மாள் அத்தை மட்டும் இல்லை. அவர் பூ முகேஷ் வேனில் போய்விட்டது.

மறுபூஜை முடிந்ததும் அம்மா அந்த ஷாக் அப்சார்பர் கம்பியை எடுத்து, ட்யூபைப் பிரிக்காமல், டூல்ஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

சோலையம்மாள் அத்தை தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். மற்றவர்களும் போய்விடுவார்களோ? தீபாவளிக்கு இன்னும் இரண்டே வாரம்தான். சத்தம் இல்லாவிட்டாலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

காசிமாயன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். திண்டாடிப்போன முகம். அவருடைய புல்லரின் நுனி உடைந்துவிட்டதாம். யாருடைய வண்டியோ பிரித்தபடி கிடக்கிறது.

"ஒரு மணி நேரத்துக்கு ஒன்னோடதக் குடு ஆத்தா. தந்துருவேன்."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏன் காசி, பல்லு வெளக்காமலா வந்த?"

அவரே சிரித்துவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். பொட்டின் குங்குமம் இன்னும் போகவில்லை. "அடிக்காதீங்கண்ணே, திருக மட்டும் செய்யுங்க" என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராவிய இடத்தில் விரலை வைத்து, "மிஷின்ல போடலயா?" என்றார். கையால்தான் என்றேன்.

சாயங்காலம் துடைத்துக் கொண்டுவந்து தந்துவிட்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

அப்பா நேற்று வந்தார். இன்று விடியலில் யாரும் கூப்பிடாமல் வண்டியில் ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கணக்குப் பார்க்கப் போகிறார், எங்களைத் திருப்பூருக்குக் கூட்டிப்போக முடிவெடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் உடம்பெல்லாம் மல்லிகை வாசம். கூடை தூக்கித் தோள் வலிக்கிறது என்றார். சோலையம்மாள் அத்தையின் கூடை பழைய இடத்தில், வரப்பு முனையில் இருந்ததாம். எப்போதும் போல ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சாப்பிடும்போது அப்பா, "அந்தப் பொரி சமாச்சாரத்தச் சொல்லு" என்றார். அம்மாதான் சொன்னாள். முகேஷ் கதை சேர்த்து, ஹெல்மெட்டில் கிரீஸ் தெறித்ததை நடித்துக் காட்டி. திருப்பூர் பற்றி யாரும் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

அப்பா நேற்று இரவே ஊருக்குப் போய்விட்டார், தனியாக.

இன்று கண் விழித்தபோது முகத்தில் வெயில். அம்மா எப்போது வண்டியை எடுத்தாள், எப்போது கரை ஏறினாள், எதுவும் தெரியாது. பள்ளிக்கூட பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். முதல் வகுப்பு இயற்பியல். மரியராஜ் சார் வாசலிலேயே நிறுத்தி, ஏன் தாமதம் என்று கேட்டார்.

"தூங்கிட்டேன் சார்" என்றேன்.